சேது வழிச் சத்திரங்கள்: ஓர் அறம் கைமாறிய வரலாறு

திருக்கோயில் எடுப்பித்தல் பேரறம். அத்திருக்கோயிலை நாடி நெடுவழி நடந்து வருவார்க்கு நிழலும் நீரும் சோறும் நல்குதல் அப்பேரறத்தின் மற்றொரு கூறு. கோபுரம் நெடுந்தொலைவிலேயே கண்ணுக்குப் புலனாகும். ஆயினும் அதன் அடியை அடையும் மட்டும் கால் நடக்க வேண்டும். கால் நடக்க வயிறு நிறைய வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தமையால்தான் தமிழகத்து மன்னரும் அரசியரும் வணிகரும் கோயிலுக்கு நிலம் விட்ட கையாலேயே சத்திரத்திற்கும் நிலம் விட்டனர்.

திருச்சிராப்பள்ளிக்கு இவ்வறம் புதிதன்று. மலைக்கோட்டையும் திருவானைக்காவும் திருவரங்கமும் அருகருகே அமைந்த இத்தலம், வடக்கேயிருந்து சேதுவை நோக்கி வரும் யாத்திரிகர் காவிரியைக் கடந்து இளைப்பாறும் இடங்களுள் ஒன்றாக நெடுங்காலம் விளங்கிற்று. தில்லை நகரிலிருந்து திருவரங்கம் செல்வார்க்கு இன்று நன்கு அறிமுகமான நகரப் பேருந்து நிலையம் 'சத்திரம்' என்னும் பெயராலேயே வழங்குகின்றது. பெயர் நிலைத்துவிட்டது, அப்பெயருக்கு உரிய வழிநடையார் அருகிவிட்டனர்.

இடையில் நிகழ்ந்தது யாது? சத்திரங்கள் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின? அவ்வாறு மாறியபோது அறத்தில் நிலைத்தது எது, தேய்ந்தது எது? காவிரிக் கரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் பெருவழியில் தஞ்சை மராத்திய மன்னர் நிறுவிய சத்திரங்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருவதாகும்.

அன்னசாலையின் பழமை

பசித்து வந்தாரைக் குலம் வினவாது ஊட்டுதல் தமிழ் மரபில் மிகப் பழையது. புகார் நகரில் உலகவறவி என்னும் பொதுவிடத்தே அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை சோறு வழங்கினாள் என்பது அவள் பெயர் பூண்ட காப்பியம் கூறும் செய்தி. உலகவறவி என்னும் பெயரே, அவ்விடம் உலகத்தார் அனைவர்க்கும் உரிய அறத்தின் இருப்பிடம் என்பதைப் புலப்படுத்துகின்றது.

பிற்காலத்தே கோயில்களை ஒட்டி மடங்களும் இராமாநுச கூடங்களும் தோன்றின. 15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் திருமலையில் அமைத்த இராமாநுச கூடத்தின் மேற்பார்வை கந்தாடை இராமாநுச ஐயங்காரிடம் ஒப்புவிக்கப்பட்டதனைத் திருமலைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அரசன் பொருள் ஈந்தான். அடியார் ஒருவர் கணக்கையும் அடுப்பையும் காத்தார். நிருவாகம் என்பது அந்நாளில் அதிகாரமாகக் கருதப்படவில்லை; கைங்கரியமாகவே கருதப்பட்டது.

நாயக்கர் ஆட்சியின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலையும் சோலையும் சத்திரமும் அமைத்த புண்ணியவதியாக மக்கள் நெஞ்சில் நிலைபெற்றார். மதுரையில் அவர் பெயரால் விளங்கும் சத்திரமும், தென்பாண்டி நாட்டில் 'மங்கம்மாள் சாலை' எனும் வழக்கும் அதற்குச் சான்று. தம் பேரனாகிய விசயரங்க சொக்கநாதனின் பொருட்டு ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் அவர். அப்பேரனோ திருவரங்கத்தில் தன் குடும்பத்தாரோடு உருவச்சிலையாய் நின்று இன்றும் அரங்கனைக் கைகூப்பி வணங்குகின்றான். ஒருவர் வழியைச் செப்பனிட்டார். மற்றொருவர் வழியின் முடிவில் நின்று தொழுதார். இரண்டும் ஒரே பத்தியின் இரு முகங்கள்.

அரசியர் பெயர் பூண்ட அறச்சாலைகள்

தஞ்சையிலிருந்து சேதுவுக்குச் செல்லும் வழி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளைக் கடந்து கடற்கரையை அடையும். பின்னர் மணமேல்குடி, மீமிசல், தேவிபட்டினம் வழியாக இராமேசுவரத்தை நோக்கிச் செல்லும். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து இராமநாதனுக்கு நீராட்ட வருவாரும், சேதுவில் நீராடி மணல் எடுத்துக் காசிக்கு மீள்வாரும் அடிவைத்து நடந்த வழி இது. மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களுக்கு இவ்வழியின் இறுதிப் பகுதியே மிகவும் கடினமானது. மணலும் வெயிலும் உவர்நீரும் மிகுந்த இக்கரையில், கையில் காசு இருந்தாலும் சோறு கிடைப்பது அரிது.

இங்கேதான் தஞ்சை மன்னர் தம் சத்திரங்களை நிறுவினர். அவற்றுட் பல அரச குடும்பத்துப் பெண்டிரின் பெயரைத் தாங்கி நின்றன. நீடாமங்கலத்தில் உள்ள யமுனாம்பாள் சத்திரம் பிரதாபசிம்ம மன்னர் காலத்துத் தொடர்புடையது. ஒரத்தநாட்டில் உள்ள முக்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-ஆம் ஆண்டளவில் நிறுவினார். தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவு நிலைக்கவே அதனை எடுப்பித்தார். யானையும் குதிரையும் ஈர்க்கும் தேர் போன்ற அதன் முகப்பு, கோயிலுக்குச் செய்யும் சிறப்பினைச் சோறிடும் வீட்டிற்கும் செய்த மனத்தினைக் காட்டுகின்றது. மறைந்தார்க்குக் கல்லறை எடுப்பதினும், அவர் பெயரால் நாள்தோறும் அடுப்பு எரியச் செய்வதே சிறந்த நினைவுச்சின்னம் என அம்மன்னர் கருதினார் போலும்.

ஒவ்வொரு சத்திரத்திற்கும் ஊர்களும் விளைநிலங்களும் மானியமாக விடப்பட்டன. நெல் நேரே களஞ்சியத்திற்கு வந்தது. அரண்மனை அலுவலர் வரவு செலவு எழுதினர். மோடி எழுத்தில் அமைந்த தஞ்சை அரண்மனை ஆவணங்கள் அந்நிருவாகம் எத்துணை நுட்பமாக நடைபெற்றது என்பதற்குச் சான்று பகர்கின்றன. தவறு நேர்ந்தால் முறையிடுதற்கு மன்னர் அருகிலேயே இருந்தார். அறம் செய்தவரும் அதனைக் காப்பவரும் ஒருவராகவே இருந்த காலம் அது.

நள்ளிரவில் ஒலித்த மணி

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கைக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டையும் உதவித்தொகையுமே சரபோஜி மன்னருக்கு எஞ்சின. நாட்டை இழந்த நிலையிலும் அவர் இழக்க விரும்பாத ஒன்று உண்டு. அதுவே சத்திர நிருவாகம். 1801-ஆம் ஆண்டில், அரசப் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டோரின் என்பாருக்கு மன்னர் எழுதிய மடல், சத்திரங்களின் நடைமுறையை விரித்துரைக்கும் அரியதோர் ஆவணமாகும்.

பார்ப்பனர் முதல் பறையர் ஈறாக எல்லா வகுப்பினர்க்கும், யோகியர், சந்நியாசியர், வைராகியர் முதலிய எல்லாவகை யாத்திரிகர்க்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோறு கொள்ளாதார்க்கு அரிசியும் கறிச்சரக்கும் அளிக்கப்பட்டன. ஒவ்வொரு சத்திரத்திலும் நான்கு வேதங்களுக்கும் ஆசிரியர் இருந்தனர். பள்ளி ஆசிரியரும் இருந்தார். நோயும் நச்சுக்கடியும் தீர்க்கும் மருத்துவரும் இருந்தனர். வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் பள்ளி ஆசிரியரின் பாதுகாப்பில் வளர்ந்தனர். நாளொன்றுக்கு மும்முறை உணவும், முறைநாளில் எண்ணெய் முழுக்கும், உடையும், மருந்தும் பெற்றனர். அவர்கள் விரும்பிய கலை கற்பிக்கப்பட்டது. கற்றுத் தேர்ந்தபின் மணமும் செய்து வைக்கப்பட்டது. நோயுற்ற வழிப்போக்கர் உடல் தேறும் மட்டும் பேணப்பட்டனர்.

இவை யாவற்றினும் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. இரவு நடுயாமம் வரையில் சோறு வழங்குதல் நடைபெறும். அதன்பின் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதார் எவரேனும் இருப்பின் வந்து உண்ணுக என்று கூவி அழைக்கப்படும். பசித்தவன் கையேந்தி நிற்குமாறு விடாமல், அவனை அறம் தானே தேடிச் சென்று அழைத்தது என்பது இதன் பொருள். அதனாலேயே தம் நாடு தருமராச்சியம் எனப் புகழ்பெற்றது என்றும், அப்புகழே தம் நிலைக்கு வாய்த்த தலைசிறந்த பெருமை என்றும் மன்னர் கருதினார். பின்னாளில் தாமே காசி யாத்திரை மேற்கொண்ட அவர், வழிநடையின் அருமையை அறிந்தவரானார்.

ஒரே அறம், இரண்டு ஏடுகள்

கும்பெனியார் நோக்கில் சத்திரம் என்பது நிலவருவாய் உள்ள ஒரு சொத்து. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி, கோயில், மசூதி, கல்விச்சாலை, பாலம், சத்திரம் ஆகியவற்றின் மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. மானியத்தின் வருவாய் கொடையாளர் கருத்துக்கு மாறாக, பொறுப்பில் உள்ளாரின் சொந்தப் பயனுக்குச் செல்வதனைத் தடுத்தலே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. காவலர் அற்ற களத்தில் கதிர் குறைதல் எக்காலத்தும் உள்ளதே.

ஆயினும் அயலார் ஆட்சி இந்துக் கோயில்களின் நிருவாகத்தில் ஈடுபடலாகாது என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு எழுந்தது. 1840களில் கோயில் பொறுப்பிலிருந்து அரசாங்கம் விலகத் தொடங்கிற்று. 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அவ்விலகலை முழுமையாக்கிற்று. கோயில்கள் தருமகர்த்தர்களிடமும் குழுக்களிடமும் ஒப்புவிக்கப்பட்டன. சத்திரமோ சமயச் சார்பற்ற பொதுநல அறம் எனக் கருதப்பட்டு அரசாங்கத்தின் பிடியிலேயே தங்கிற்று.

இப்பிரிவினையின் ஆழம் எண்ணத்தக்கது. மன்னர் பார்வையில் கோயிலும் சத்திரமும் ஒரு மரத்தின் இரு கிளைகள். இறைவனுக்கு நைவேத்தியமும் அவன் அடியார்க்கு அன்னமும் ஒரே களஞ்சியத்து நெல்லே. சட்டமோ ஒன்றனைச் சமயம் என ஓர் ஏட்டிலும், மற்றதனைப் பொதுநலம் என வேறோர் ஏட்டிலும் எழுதிற்று. அன்று முதல் கோயிலுக்கு வருவாரைப் பற்றிச் சத்திரமும், சத்திரத்தில் தங்குவாரைப் பற்றிக் கோயிலும் கவலையுற வேண்டாத நிலை உண்டாயிற்று.

1855-ஆம் ஆண்டில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறையவே, தஞ்சை அரசு முடிவுற்றது. சத்திரங்களைக் காத்து நின்ற மன்னர் பரம்பரையின் கை அத்துடன் விலகிற்று. 1871-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டமும் 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகச் சட்டமும் பிறந்தபின், அவை ஜில்லா போர்டின் பொறுப்பில் வைக்கப்பட்டன. சாலை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றோடு சத்திரமும் ஓர் இனமாக வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது. கணக்கு ஒழுங்குற்றது, தணிக்கை வந்தது. ஆனால் வரவு செலவுத் திட்டத்திற்கு நள்ளிரவில் மணி அடித்துப் பசித்தாரை அழைக்கும் வழக்கம் இல்லை. ஒதுக்கிய தொகைக்குள் எத்தனை பேர் உண்ணலாம் என்பதே அதற்குத் தெரிந்த கணக்கு.

இருப்புப்பாதையும் ஆபுத்திரன் துயரும்

இதற்கிடையே மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. 1875-இல் மதுரைக்கும், 1902-இல் மண்டபத்திற்கும் புகைவண்டி ஓடிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலும் வழி விட்டது. பல நாள் நடையாக இருந்த சேது வழி சில மணி நேரப் பயணமாகச் சுருங்கிற்று. யாத்திரிகர் குறையவில்லை, மாறாகப் பெருகினர். ஆனால் அவர்கள் ஒரத்தநாட்டு வழியே வரவில்லை. மீமிசல் மணலை மிதிக்கவில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனின் கதை இங்கு நினைவுகூரத் தக்கது. மதுரையில் அமுதசுரபியைப் பெற்று எல்லார்க்கும் ஊட்டி வந்தான் அவன். பின்னர் இந்திரன் மழையைப் பெய்வித்தான், பாண்டிநாடு செழித்தது, உண்பார் எவரும் வரவில்லை. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும் கொள்வார் இன்றி அவன் வருந்தினான். பசித்தாரைத் தேடிச் சாவகம் செல்லக் கப்பல் ஏறியவன் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். ஊட்டுதற்கு உயிர் ஒன்றும் இல்லாத அவ்விடத்தில், தன் பசியை மட்டும் தணித்து வாழ மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான்.

சேது வழிச் சத்திரங்களும் ஆபுத்திரன் நிலையையே எய்தின. நிலம் விளைந்தது, குத்தகை வந்தது, கல்மண்டபம் கட்டுக் குலையாமல் நின்றது, உண்ண வேண்டிய யாத்திரிகர் மட்டும் வரவில்லை. இந்நிலையில் மானியத்தை எதற்குப் பயன்படுத்துவது என்னும் வினா எழுந்தது. கொடையாளர் சொன்ன சொல்லைப் பற்றி வாராத வழிப்போக்கனுக்காகக் காத்திருப்பதா, அவர் சொன்னதன் கருத்தை நோக்கிப் புதிய பசியைத் தேடுவதா? இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் நிருவாகத்தார்க்கு உண்டாயிற்று.

மாணவரும் வழிநடையாரே

விடை திருவையாற்றில் பிறந்தது. சத்திர அறக்கட்டளையின் வருவாயைக் கொண்டு 1881-ஆம் ஆண்டில் அங்கே வடமொழிக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. காவிரிக் கரையில் மன்னர் கால மாளிகையில் அது நடைபெற்றது. சத்திரத்தில் பள்ளி ஆசிரியரையும் வைத்த மன்னர் கருத்துக்கு அது பொருந்தியதே. பிற சத்திரங்களிலும் மாணவர் உண்டு உறைந்து கற்கும் வசதிகள் ஏற்பட்டன. ஆனால் அப்பயன் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு வகுப்பார்க்கே உரியதாக இருந்தது. எல்லா வகுப்பினர்க்கும் சோறு என்று மன்னர் பெருமிதத்தோடு எழுதிய அறத்தில், உண்பார் வரிசை சுருங்கிவிட்டது.

1920களில் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக விளங்கிய சர் ஏ. டி. பன்னீர்செல்வம் இக்குறையைக் களைய முற்பட்டார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவராகிய உமாமகேசுவரம் பிள்ளையவர்கள் அவருக்குத் துணை நின்றார். அறக்கட்டளை வடமொழி ஒன்றற்கே உரியதன்று, பொதுவாகக் கல்விக்கே உரியது என்பது எடுத்துக் காட்டப்பட்டது. வடமொழிக் கல்லூரி அரசர் கல்லூரி ஆயிற்று. தமிழ் வித்துவான் வகுப்பு அங்கே இடம்பெற்றது. சத்திர மாணவர் விடுதிகளின் கதவுகள் ஏனைய வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்தன. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கைத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் சத்திரச் சோற்றை உண்டு தமிழ் பயின்று புலவராயினர்.

மரபினின்றும் வழுவிய செயல் இது என்று அந்நாளில் கருதினாரும் உண்டு. ஆயினும் 1801-ஆம் ஆண்டு மடலையும் இச்செயலையும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு ஓர் உண்மை விளங்கும். இது புதுமை அன்று. மறந்துபோன பழமையை மீட்டதே ஆகும். சேதுவை நோக்கி நடந்தவன் மட்டுமே வழிநடையாளன் அல்லன். அறியாமையிலிருந்து அறிவை நோக்கி நடக்கும் மாணவனும் வழிநடையாளனே. அவனுக்கும் பசிக்கும்.

1950களின் இறுதியில் ஜில்லா போர்டு முறை நீங்கவே, தஞ்சைச் சத்திர நிருவாகம் மாவட்ட ஆட்சித் தலைவரின் பொறுப்பில் வந்தது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் மாணவர் பயிலும் இடமாகவும் உறையும் இடமாகவும் பயன்பட்டது. மறுபுறம், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் தங்கும் விடுதிகளையும் சத்திரங்களையும் பாடசாலைகளையும் அறக்கொடையின் இலக்கணத்தில் சேர்த்துக்கொண்டது. பிரிந்த இரண்டு ஏடுகளையும் ஓரளவேனும் ஒன்று சேர்க்க முற்பட்ட முயற்சி எனலாம்.

ஊரார் கையில் நின்ற அறம்

அரசர் நிறுவிய சத்திரங்கள் இவ்வாறு கைமாறிக்கொண்டிருக்க, வணிகப் பெருமக்களாகிய நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறொரு முறையை மேற்கொண்டனர். காசியில் 1863-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் அவர்களது சத்திரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நகரத்தார் பொதுவில் அமைத்த நிருவாகக் கழகம் அதனை நடத்துகின்றது. விசுவநாதப் பெருமான் பூசைக்குரிய பொருள்களை நாள்தோறும் கோயிலுக்குக் கொண்டு செலுத்தும் கைங்கரியமும் அதனோடு இணைந்தது. அங்கே கோயிலும் சத்திரமும் பிரியவில்லை. ஆட்சிகள் மாறின; சட்டங்கள் மாறின; பொறுப்பை ஏற்ற சமூகம் மாறாமையால் அறமும் மாறாது நின்றது. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் இன்றும் பழைய வழியிலேயே செல்கின்றனர். நடப்பவரே அறத்தையும் நடத்துதலால், வழியின் தேவை எது என்பதனை அவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அணையா அடுப்பு

திருச்சிராப்பள்ளிச் சீமையில் கால்நடை யாத்திரை மறைந்துவிடவில்லை. சமயபுரத்து அன்னையை நாடி, பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் மஞ்சளாடை உடுத்துச் செல்லும் அடியார் கூட்டம் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து இரவும் பகலும் நடக்கின்றது. அவ்வழியெங்கும் பந்தலிட்டு நீர்மோரும் பானகமும் சோறும் வழங்குவார் பலர். அப்பந்தல்களுக்கு மானியம் இல்லை, கல்வெட்டு இல்லை, ஒரு தெருவாரும் ஒரு கடைவீதியாரும் கூடிச் சேர்த்த அரிசியே அவற்றின் மூலதனம். திருவிழா முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். மறு ஆண்டு மீண்டும் எழும்.

திருவரங்கம் பெரிய கோயிலில் 2012-ஆம் ஆண்டு முதல் நாள் முழுதும் அன்னதானம் நடைபெறத் தொடங்கியது. 2014-ஆம் ஆண்டில் யாத்திரிகர் தங்குதற்கென்றே யாத்திரி நிவாஸ் என்னும் பெரியதொரு விடுதி கொள்ளிடக் கரையில் திறக்கப்பட்டது. கோயிலே சோறிடுதலும் கோயிலைச் சார்ந்தே விடுதி அமைதலும், 19-ஆம் நூற்றாண்டில் பிரிந்த இரு கிளைகளும் மீண்டும் ஒரு மரத்தில் தழைப்பதைக் காட்டுவன.

அரசர் கையில் இருந்தபோது சத்திரம் செழித்தது. ஆனால் அரசரோடு அது தளர்ந்தது. வாரியத்தின் கையில் கணக்கு நேரானது. ஆனால் அழைக்கும் குரல் அடங்கிற்று. ஜில்லா போர்டின் கையில் உண்பார் வரிசை குறுகவும் செய்தது, பின்னர் விரியவும் செய்தது. சமூகத்தார் கையில் தொடர்ச்சி நிலைத்தது. ஆகவே நிருவாகம் எவர் கையில் உள்ளது என்பது முதல் வினாவன்று. இன்று பசித்திருப்பவர் யார், அவரை அழைத்தாயிற்றா என்பதே முதல் வினா. அவ்வினாவை நாள்தோறும் எழுப்பும் நிருவாகம் எதுவாயினும் அது அறநிருவாகமே. எழுப்பாத நிருவாகம், ஏடுகள் எத்துணைத் தூயனவாயினும், பூட்டிய களஞ்சியமே.

குடமுழுக்கு நாளில் கோபுரக் கலசங்களில் புனித நீர் சொரியப்படுகின்றது. அந்நீர் கலசத்தில் தங்குவதில்லை. வழிந்து கீழே நிற்பார் அனைவர் மேலும் வேற்றுமையின்றித் தெளிக்கின்றது. அதுபோன்றே கோயிலின் செல்வமும் அதன் வாயிலை நாடி வருவார் அனைவர்க்கும் அன்னமாய் வழிந்தோடுதல் வேண்டும். நள்ளிரவில் மணி அடித்து உண்ணாதாரைக் கூவி அழைத்த அவ்வறத்தின் குரல் இந்நாட்டுத் திருக்கோயில்தோறும் ஓயாது ஒலிக்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.